தேடுபவர் பெயர்

— மூடியாச்சுன்னா என்னா அர்த்தம்?

— ஃபைலை மூடிட்டாங்க ஆன்ட்டி. கோலாலம்பூர் ஆபீஸ்லேருந்து நேத்து மெயில் வந்துச்சு. பிரிண்ட் எடுத்து உங்க கையிலயே குடுக்கச் சொன்னாங்க. இதான்.

— வாசி, கேப்போம். கண்ணாடி உள்ள கெடக்கு.

— 'திருமதி பொன்னழகு அவர்களுக்கு. தங்கள் மகன் பிரபுவைத் தேடித் தருமாறு தாங்கள் அளித்த விண்ணப்பத்தின் கோப்பு இத்துடன் மூடப்படுகிறது.'

— ம். பெறகு?

— அப்பறம் ஒன்னும் இல்ல. கையெழுத்து.

— ஒத்த வரி.

— ஒத்த வரிதான் ஆன்ட்டி.

— மலேசியாவுல சோசியல் ஒர்க் படிக்கிற புள்ள, பயிற்சின்னு திண்டுக்கல்லுக்கு வந்து, பன்னெண்டு வாரமா வியாழக்கெழமை தவறாம இந்த நத்தம் ரோட்டுச் சந்துக்கு வந்து போயி, கடைசி நாளு கொண்டாந்து குடுக்குறது ஒத்த வரி. ஏ ஏஞ்சலு, ஏன் நின்னுக்கிட்டே இருக்க? அந்தச் சாக்க இழுத்துப் போட்டு ஒக்காரு. சுடிதார்ல புளி ஒட்டிக்கிறாம.

— பரவால்ல லா. அந்தச் சின்னச் சுத்தியலக் குடுங்க, நானும் தட்டுறேன்.

— வேணாம் தாயி. போன வாரம் கொட்டையத் தட்டச் சொன்னா வெரலத் தட்டுன.

— அது போன வாரம். இப்ப எனக்கு எப்படின்னு தெரியும். மொதல்ல ஓட்ட ஒடைக்கணும். அப்பறம் காம்புலேருந்து நார உருவணும். நார் முழுசா வந்துச்சுன்னா பழம் தானா வாயத் தொறக்கும். தொறந்த எடத்துல ஒரே தட்டு. கொட்ட வெளிய தெறிக்கணும், பழம் நசுங்கக் கூடாது.

— சொல்றதுல ஒன்னைய அடிச்சுக்க ஆளில்ல. செய்யிறப்பத்தான் வெரலு போகுது.

— பசியாறிட்டீங்களா ஆன்ட்டி?

— ஆரம்பிச்சுட்டா. காலையில சாப்டியான்னு கேளேன். பசியாறுனியா பசியாறுனியான்னு, என்னமோ ஒரு வாரம் பட்டினி கெடந்தவகிட்ட கேக்குற மாதிரி.

— எங்க ஈப்போவுல அப்படித்தான் லா கேப்போம்.

— அந்த லா வேற. இட்லி இருக்கு, திங்கிறியா? வெஞ்சனம் ஒன்னும் செய்யல. நேத்து வச்ச கொழம்புதான்.

— வேணாம், ஹாஸ்டல்ல சாப்பிட்டேன்.

— ஒத்தையா ஒக்காந்து திங்கிறதே பழகிப்போச்சாக்கும். சனி ஞாயிறு புள்ளைக அம்புட்டும் ஊருக்குப் போயிருதுக, நானும் வாட்ச்மேனும்தான்னு நீதான சொன்ன.

— ஞாயித்துக்கிழமை வாட்ச்மேனும் லீவு ஆன்ட்டி.

— அப்ப நாயி?

— நாய் மட்டும் இருக்கும். அதுக்கு நான் பேசுற தமிழ் புரியல.

— எங்களுக்கே செத்த நேரம் புரியல. அம்மாகிட்ட பேசுனியா?

— நேத்து ராத்திரி பேசினேன். நல்லா இருக்கேன்னு சொன்னேன்.

— நல்லாவா இருந்த?

— இல்ல.

— பெறகு ஏன் அப்பிடிச் சொன்ன?

— அவங்க அங்க ஒக்காந்து கவலைப்படுவாங்க. என்ன பண்ண முடியும் அவங்களால?

— ம். அதுவுஞ் சரிதான்.

— ஏ பொன்னழகு! மலேசியாக்காரி வந்துட்டாளா? சத்தங் கேக்குது!

— வந்துட்டா சிவனம்மா. இன்னைக்கோட சரி. நாளைக்கு ஊருக்குப் போறா.

— அடியாத்தீ, அதுக்குள்ளயா! ஏ புள்ள, ஒங்க பூட்டன் எந்த ஊருல இருந்து கப்பலேறுனாருன்னு கண்டுபுடிச்சியா இல்லியா?

— நான் அதுக்கு வரல ஆன்ட்டி.

— பெறகு எதுக்குத்தான் வந்தியோ. மலேசியாவுல இல்லாத கஷ்டத்தையா எங்க சந்துல வந்து பாக்குற? சரி சரி. பொன்னழகு, ஞாயித்துக்கெழமை ஒம் மகன் பேசுனானா?

— பேசுனான்.

— எம் மருமகனுக்கு அங்க ஒரு வேல பாக்கச் சொன்னேனே, காதுல போட்டியா?

— போட்டிருக்கேன். ஒன் அடுப்புல என்னமோ பொங்குது பாரு சிவனம்மா.

— ஆத்தாடி, பாலு!

— ஆன்ட்டி, அவங்ககிட்ட ஏன் அப்படி...

— சந்துல கேக்குறவளுக்குச் சந்துக்குத் தக்கன சொல்லணும். மகன் மூணு வருசமாப் பேசலன்னு சொன்னா, நாளைக்கு ரேசன் கடை வரிசையில என்னைய வச்சுத்தான் பேசுவாளுக. அத விடு. நோட்ட ஏன் எடுக்கல?

— இன்னைக்குக் கடைசி நாள்தானே. சும்மா பேசலாம்னு.

— சும்மா பேச வந்தவ நிமுந்து ஒரு தடவ என் மூஞ்சியப் பாக்கலியே. புளியவே பாத்துக்கிட்டிருக்க.

— வெரல்ல பட்டுடும்னு பாக்குறேன்.

— சரி, பாத்துத் தட்டு. தட்டிக்கிட்டே அந்தத் தேடுற வெவரத்த மறுபடி சொல்லு. ஆதியில இருந்து.

— இப்ப எதுக்கு ஆன்ட்டி?

— நீ சொன்னா கேக்க நல்லாருக்கும். என்னையத் தூக்கத்துல எழுப்பி புளியப் பத்திக் கேட்டா சொல்லுவேன்ல, அது மாதிரி சொல்லுவ நீ. ஃபாரம் குடுத்தோம். பெறகு?

— ஃபாரம் அங்க போனதும் மொதல்ல ஒரு நம்பர் போடுவாங்க. நம்பர் போட்டாத்தான் அது ஃபைலு, அது வரைக்கும் வெறும் பேப்பர். அப்பறம் ஆஸ்பத்திரி, ஜெயிலு, குடிநுழைவு ஆபீஸ், அதான் இமிகிரேஷன், எல்லாத்துக்கும் எழுதிக் கேப்பாங்க. அங்கெல்லாம் இல்லன்னா பாதி நிம்மதி. அடுத்து வேலை செஞ்ச எடம். உங்க மகன மாதிரி சாப்பாட்டுக் கடையில இருந்தவங்கள சாப்பாட்டுக் கடையிலதான் தேடணும். ஒரு கடைய விட்டா அடுத்த கடைக்குத்தான் போவாங்க, ரொட்டி போடுற கை வேற வேலைக்குப் போகாது. சமையல்காரங்களுக்குள்ள ஒருத்தர ஒருத்தர் தெரியும்.

— ஆளு கெடச்சா?

— கெடச்சா போன் பண்ண மாட்டாங்க. அதான் அவங்க மொறை. போன்னா பாதியில வச்சிடலாம்ல? நேர்லதான் போவாங்க, ஒரு ஆபீசரும் கூட ஒரு ஆளும். வேற யாரும் இல்லாத எடமாப் பாத்து ஒக்கார வச்சு, ஃபாரத்த எடுத்து வாசிப்பாங்க. தேடுபவர் பெயர், என்ன உறவு, எந்த ஊர். அப்பறம்தான் கேப்பாங்க, இவங்களோட தொடர்பு வேணுமா, வேணாமான்னு.

— வாசிக்காமக் கேக்க மாட்டாகளா?

— கேக்கவே கூடாது. யாரு தேடுறாங்கன்னு தெரியாம எப்படி ஆமா, இல்லன்னு சொல்றது?

— ஞாயந்தான். வேணும்னு சொன்னா?

— அவர் நம்பர வாங்கி உங்களுக்கு அனுப்புவாங்க.

— வேணாம்னா?

— வேணாம்னா, ஒரு கையெழுத்து வாங்கிட்டு... இந்தக் கொட்ட வரவே மாட்டேங்குது ஆன்ட்டி.

— குடு இங்கிட்டு. ஆளே கெடைக்கலன்னா ஒரு வருசத்துக்கு மூட மாட்டாக, மூணு மாசத்துக்கு ஒரு கடுதாசி போடுவாக. மூணாவது வாரம் நீதான் சொன்ன. செத்துக்கித்துப் போயிருந்தா வீட்டுக்கு ஆள் அனுப்பிச் சொல்லுவாக. அதையும் நீதான் சொன்ன. ஃபாரம் குடுத்து ஒம்பது வாரந்தான் ஆகுது ஏஞ்சலு.

— நான் அன்னைக்கு அவ்ளோ வெளக்கமா சொல்லியிருக்கக் கூடாது.

— கேட்டேன், சொன்ன.

— எங்க சூப்பர்வைசரும் திட்டினாங்க. மொறையச் சொல்லு, ஆனா முடிவ அவங்களே கண்டுபிடிக்கிற அளவுக்குச் சொல்லாதேன்னு. எனக்கு ஒரு விஷயம் எப்படி நடக்குதுன்னு தெரிஞ்சா வாய சும்மா வச்சுக்க முடியாது ஆன்ட்டி. சின்ன வயசுலேருந்தே அப்படித்தான்.

— அப்ப உசுரோட இருக்கான்.

— என்னால சொல்ல முடியாது.

— வேணாம்னுட்டான்.

— ஆன்ட்டி, ப்ளீஸ். என்னால சொல்லவே முடியாது.

— சரி சொல்லாத. தட்டு.

— அவர் உங்க மகன்தான். ஆனா அவர் வயசு வந்த ஆளு. வேணாம்னு சொல்ற உரிமை அவருக்கு இருக்கு. அத நாங்க காப்பாத்தலன்னா, அடுத்த தடவ யாரும் எங்கள நம்பிக் கதவத் தொறக்க மாட்டாங்க. வீட்டுல அடி வாங்கி ஓடி வந்த பொண்ணுங்ககூட அந்த ஃபைல்கள்ல இருக்காங்க. அவங்கள அடிச்சவனும் இதே ஃபாரத்தத்தான் குடுப்பான்.

— தப்புன்னு நா சொல்லலியே. நல்ல மொறதான்.

— உங்களுக்குக் கோவம் வரலையா?

— கோவப்பட எனக்கு என்னா ரைட்டு இருக்கு? நானும் மறைச்சவதான.

— என்னத்த மறைச்சீங்க?

— இதத்தான நீயும் பன்னெண்டு வாரமா சுத்திச் சுத்திக் கேட்ட. நானும் பேச்ச மாத்திக்கிட்டே வந்தேன். எங்க வீட்டுக்காரரு செத்து மூணு வருசம் ஆச்சுல்ல. அப்பப் பிரபுக்கு பெர்மிட்டு புதுப்பிக்கிற நேரம். பாஸ்போட்டு மொதலாளி கையில. சேதி சொன்னா எல்லாத்தையும் போட்டுட்டு ஓடியாருவான். வந்தா திரும்பிப் போக முடியாது. பதினாறு கழியட்டும், பெறகு பக்குவமாச் சொல்லிக்கிருவோம்னு நாந்தான் சொன்னேன். சொந்தபந்தம் பூராம் அதான் சரின்னாக. கொழுந்தன் மகன் பாண்டியராஜ் கொள்ளி வச்சான்.

— நடுவுல பிரபு போன் பண்ணலையா?

— ஞாயித்துக்கெழமை பண்ணுவான்ல. பண்ணுனான். அப்பா எங்கம்மான்னான். தூங்குறாருப்பான்னேன்.

— ஐயோ.

— அடுத்த ஞாயித்துக்கெழமையும் கேட்டான். தூங்குறாருன்னேன். என்னாம்மா, எப்பப் பாத்தாலும் தூங்குறாருன்னு சிரிச்சான்.

— அப்பறம் அவருக்கு எப்படித் தெரிஞ்சுச்சு?

— பாண்டியராஜும் அவன் சேக்காளிகளும் பஸ் ஸ்டாப்புல கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ் வச்சாங்ய. பாத்திருப்பியே இங்க, செத்தவுக போட்டோவப் பெருசாப் போட்டு, கீழ வரிசையா வீட்டாளுக பேரப் போட்டு வைப்பாக. அதுல மொதப் பேரு என்னான்னு நெனைக்கிற? 'கண்ணீருடன், மகன் பிரபு, மலேசியா.'

— அவருக்கே தெரியாம, அவர் பேரா?

— மகன் பேரு இல்லாம எப்பிடி வைக்கிறது? ஊரு என்னா சொல்லும்? மலேசியான்னும் சேத்துப் போடுறான்னு நாந்தான் சொன்னேன். பெருமையா இருக்கும்னு. அத ஒருத்தன் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ்ல போட்டுட்டான். பதினஞ்சாம் நாளு அவன் கண்ணுல பட்டுருச்சு. பதினாறுக்கு ஒரு நாளு இருந்துச்சு தாயி. ஒரே ஒரு நாளு.

— கூப்பிட்டாரா?

— கூப்புட்டான். கத்துவான்னு பாத்தேன், கத்தல. 'எம் பேரப் போட்டு அழுதிருக்கீக, என்னைய அழ விடலியேம்மா'ன்னான். வச்சுட்டான். அம்புட்டுத்தான். அதுக்குப் பெறகு பேச்சு இல்ல.

— நீங்க நல்லதுக்குத்தானே செஞ்சீங்க.

— நல்லதுக்குத்தான். அத அவன்கிட்டச் சொல்லத்தான் வழியில்ல.

— தண்ணி குடிக்கிறீங்களா?

— நீ குடி. ஒங் கண்ணத் தொடச்சுக்க. புளிக் கையோட தொடச்சிறாத, எரியும்.

— நாளைக்குத் திருச்சியிலேருந்து எனக்கு ஃப்ளைட். அடுத்த வியாழக்கிழமை உங்களப் பாக்க யாரு வருவா?

— ஒங்க ஆபீஸ்ல வேற புள்ளைய அனுப்புவாகளா?

— ஜூலையிலதான் அடுத்த பேட்ச் வருது.

— இது மாசி. சித்திரை வரைக்கும் புளி இருக்கும். பெறகு செத்த நாளைக்குச் சும்மா இருப்பேன். ஜூலை வந்துரும்.

— கதவச் சாத்தட்டுமா ஆன்ட்டி?

— பட்டப்பகல்ல எதுக்கு?

— சிவனம்மா ஆன்ட்டி காதுல விழக் கூடாது. எங்கிட்ட ஒரு பேப்பர் இருக்கு. அத நான் வச்சிருக்கிறதே தப்பு. தெரிஞ்சா என் படிப்பு போயிடும். ரஃபியா படிப்பும் போயிடும்.

— யாரு அது ரஃபியா?

— என் கிளாஸ்மேட். எனக்கு இங்க பயிற்சி, அவளுக்கு கோலாலம்பூர்ல, அந்தத் தேடுற ஆபீஸ்லயே. ஆபீசர்கூட ஒரு ஆளு போவாங்கன்னேன்ல, அது அவதான். போய்ட்டு வந்து ரெண்டு நாள் தூங்கலையாம். தாங்க முடியாம எனக்கு அனுப்பிட்டா. பேனா இருக்கா? எழுதிக்குங்க. பூஜ்யம், ஒன்னு, ஒன்னு...

— ஏஞ்சலு.

— எனக்கு தைரியம் போறதுக்குள்ள எழுதுங்க ஆன்ட்டி!

— கடைசி மூணு நம்பரு ஏழு, ரெண்டு, ரெண்டு.

— என்ன சொன்னீங்க?

— அந்தப் பேப்பர மடிச்சுப் பைக்குள்ள வையி. படிக்கிற புள்ள, எதுக்கு ஒனக்கு வம்பு?

— அவர் நம்பர் உங்களுக்கு எப்படித் தெரியும்?

— அவன் நம்பர மாத்தல. மூணு வருசமா அதே நம்பருதான். ஞாயித்துக்கெழமை தட்டுன புளியக் கொண்டு போயிக் கடையில போடுறப்ப, கடைக்கார அப்துல் சுக்கூர் பாயிகிட்ட போன வாங்கி அடிப்பேன். எடுப்பான். ஹலோன்னுவான். நா பேசுனா வச்சுருவான்னு பேசுறதில்ல. ரெண்டு மூணு ஹலோ சொல்லுவான், கேட்டுக்கிட்டு நிப்பேன். சிவனம்மாகிட்ட நா சொன்னது முழுப்பொய்யில்ல.

— அப்ப எதுக்கு ஆன்ட்டி தேடச் சொன்னீங்க? எத்தனை ஆஸ்பத்திரிக்கு எழுதியிருக்காங்க! ஜெயிலுக்கெல்லாம் எழுதியிருக்காங்க! ரஃபியா எட்டு கடை ஏறி எறங்கியிருக்கா!

— கோவிச்சுக்காத தாயி. பாண்டியராஜ விட்டுப் பேசச் சொன்னேன். எங்க அண்ணன விட்டுப் பேசச் சொன்னேன். என் பேர எடுத்ததும் போன வச்சுர்றான். அன்னைக்கு நீ வந்து ஒக்காந்து சொன்ன பாரு, போன்ல கேக்க மாட்டாக, நேர்ல போவாக, பேர வாசிச்ச பெறகுதான் கேப்பாகன்னு. அப்பவே நெனச்சுட்டேன். வேணாம்னுதான் சொல்லுவான், அது எனக்குத் தெரியும். ஆனா வேணாங்குறதுக்கு முன்னாடி, என் பேர முழுசாக் கேட்டுத்தான ஆகணும்?

— அதுக்காகவா இவ்ளோவும்?

— அதுக்குத்தான். அவன் என்னா சொல்லி வேணாம்னான்னு கேக்கல. அது அவன் ஃபைலு. என் பேர வாசிச்சாகளா? அத மட்டும் சொல்லு.

— வாசிச்சாங்க. ஆபீசர் மலாய்க்காரர், அதனால ரஃபியாதான் தமிழ்ல வாசிச்சிருக்கா. இந்தப் பேப்பர்லயே இருக்கு, வாசிக்கிறேன் கேளுங்க. நாங்க போய்ப் பேசிட்டு வந்தா, பேசினத ஒரு வார்த்தை விடாம அப்படியே எழுதணும், சுருக்கக் கூடாது. அப்படி எழுதியிருக்கா. 'நான்: தேடுபவர் பெயர், பொன்னழகு. உறவு, தாய். ஊர், திண்டுக்கல்.'

— சத்தமாவா?

— கடைக்குப் பின்னாடி, பாத்திரம் கழுவுற எடத்துல. கொழாய நிறுத்தச் சொல்லிட்டு வாசிச்சிருக்கா.

— அது போதும். எந்திரி. பஸ்ஸு வர்ற நேரம்.

— இன்னும் ஒரு வரி இருக்கு ஆன்ட்டி. 'அவர்: கேக்கலங்க, பேர மட்டும் இன்னொரு தடவ வாசிங்க.'

— கொழாயத்தான் நிறுத்திட்டாகளே. கேக்கலியா அவனுக்கு?

— கேட்டிருக்கு. மொத தடவையே தலைய ஆட்டியிருக்காரு. ஆனாலும் இன்னொரு தடவ, இன்னொரு தடவன்னு, நாலு தடவ வாசிக்கச் சொல்லியிருக்காரு.